எய்துனது யாரு?

துப்பறியும் கதை ஒன்றைப் படித்து முடித்தேன் என்று சொன்னால், கொலை செய்தது யார் என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். கேட் அக்கா மட்டும் வேறொன்று கேட்பார்.

"எய்துனது யாரு?"

எழுது என்பது எங்கள் பக்கத்து வாயில் எய்து ஆகிவிடும், பழம் பயம் ஆவதுபோல. புத்தகத் தமிழில் எய்வது என்றால் அம்பு விடுவது. அதைப் பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு வந்தவன் என்பதால், அவர் அப்படிக் கேட்ட முதல் நாள் எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு வந்தது. எழுதியவர் பெயரை நான் கவனிக்கவில்லை என்றேன். அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஒரு ராத்திரி முழுக்க ஒருத்தன் உன் காதுல பேசிகினே இருந்திருக்கான், அவன் யாருன்னு கூட கேக்கலியா என்றார்.

எண்ணூர் நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு கண்டெய்னர் யார்டு அது. உள்ளே வரும் டிரெய்லரின் நம்பரையும், கண்டெய்னர் கதவில் தொங்கும் சீலின் நம்பரையும் கேட் கேபினில் உட்கார்ந்து பதிவேட்டில் ஏற்றுவது அக்காவின் வேலை. நாற்பது வயது இருக்கலாம். பத்தாவதோடு படிப்பு நின்றுபோனவர். ராயபுரத்திலிருந்து ரயிலில் வந்து திருவொற்றியூரில் இறங்கி, ஷேர் ஆட்டோ பிடித்து வருவார். கொண்டையில் எப்போதும் ஒரு பேனா செருகியிருக்கும். நான் அங்கே ஒப்பந்த எழுத்தர். கடலுக்குப் போகிற குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவன். அக்கா எனக்கு டிகிரி என்று பெயர் வைத்தார். ஒரு வாரத்தில் யார்டு முழுக்க என் பெயர் அதுவாகிப்போனது.

யானைக்கவுனிப் பக்கம் ஒரு பழைய பேப்பர் கடையில் துப்பறியும் நாவல்களை எடைக்கு வாங்கி வந்து கேபின் டிராயரில் வைத்திருப்பார். பெரும்பாலும் மொழிபெயர்ப்புகள். காலாவதியான கேட் பாஸ் தாளில் அட்டை போட்டிருப்பார். அட்டையின் மேல் கதையின் பெயர் இருக்காது. 'டாக்டர் 3', 'மருந்துக்கடை 5', 'குண்டு 1' என்று இருக்கும்.

டாக்டர் என்பவர், நோயாளிகள் அதிகம் வராத ஒரு ஸ்காட்லாந்து மருத்துவர். சும்மா உட்கார்ந்திருந்த நேரத்தில் எழுத ஆரம்பித்து, வாயில் பைப் வைத்த ஒல்லியான துப்பறிவாளரைப் பெற்றவர். மருந்துக்கடை என்பவர், போர்க்காலத்தில் ஆஸ்பத்திரி மருந்துப் பிரிவில் வேலை பார்த்த அம்மாள். மீசையை மெழுகு போட்டு முறுக்கும் குள்ளமான துப்பறிவாளரும், ஸ்வெட்டர் பின்னிக்கொண்டே கொலையைக் கண்டுபிடிக்கும் கிழவியும் அவருடையவர்கள். குண்டு, உடம்பு பெருத்த ஒரு பத்திரிகைக்காரர். குடையை எங்கேயாவது மறந்து வைத்துவிடும் ஒரு சின்னப் பாதிரியாரை எழுதியவர்.

புத்தகம் கையில் வந்ததும் முதலில் முன்னுரையையும் பின்னட்டையையும் படிப்பார். எழுதியவரைப் பற்றி அதில் இல்லாததை என் போனில் தேடச் சொல்வார். ஆங்கிலத்தில் வருவதை நான் தமிழில் சொல்ல வேண்டும். இடையில் டிரெய்லர் வந்தால் ஒரு விரலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சீல் நம்பர் எழுதிவிட்டு, "ஆங், சொல்லு டிகிரி" என்பார்.

அவர் செய்யும் ஒப்பீடுகளை நான் கல்லூரி வகுப்பில்கூடக் கேட்டதில்லை. பைப்காரன் ஒருவனைப் பார்த்த மாத்திரத்தில் அவன் கையையும் செருப்பையும் வைத்து ஊரைச் சொல்லிவிடுகிறான். ஏனென்றால் அது டாக்டரின் கண், நாக்கை நீட்டு என்று சொல்வதற்கு முன்பே நோயைப் பார்த்துவிடும் கண். மீசைக்காரன் தரையில் மண்டிபோட்டுத் தேடுவதில்லை. உட்கார வைத்துப் பேசவிடுகிறான். மருந்துக் கவுண்டருக்கு உள்ளே நிற்கிறவருக்கு எதிரே நிற்கிறவர் பேச்சுதான் தெரியும். அந்த அம்மாளின் கதைகளில் அத்தனை விஷம் வருவதும் அளவு பிசகாமல் வருவதும் அதனால்தான். பாதிரியார் தடயமே பார்ப்பதில்லை. அந்தக் கொலையை நானே செய்வதென்றால் எப்படிச் செய்வேன் என்று யோசிக்கிறார். ராயபுரம் பக்கத்துச் சர்ச் சாமியார்களை அக்காவுக்குச் சின்ன வயதிலிருந்து தெரியும். ஊர்ப் பாவத்தை எல்லாம் காதில் வாங்குகிறவருக்கு எந்தப் பாவம் புதுசு என்பார்.

இதில் எவனைக் கட்டிக்கொள்வீர்கள் என்று யார்டில் ஒருவர் வம்புக்குக் கேட்டார். அக்கா கொஞ்சம் யோசித்தார். மீசைக்காரன் வந்தால் தட்டு ஏன் கோணலாக இருக்கிறது என்று தினமும் சண்டை. பைப்காரன் வூடு முழுக்கப் புகை. பாதிரியாரைக் கட்ட முடியாது. "எய்துன மூணு பேரயும் வேணா ஒரு நாள் சோத்துக்குக் கூப்புடலாம்" என்றார்.

டாக்டரிடம் அவருக்கு ஒரு வருத்தம் உண்டு. பைப்காரனுக்கு அவ்வளவு கறாரான புத்தியைக் கொடுத்த மனிதர், வயதான காலத்தில் ஆவிகளோடு பேசலாம் என்று நம்பினார். சிறுமிகள் எடுத்த தேவதைப் போட்டோவை உண்மை என்று எழுதினார். இதை நான் போனில் படித்துச் சொன்ன அன்று அக்கா கையிலிருந்த புத்தகத்தை மூடி டிராயரில் வைத்தார். பிறகு, இருந்த புத்தி எல்லாத்தையும் அவனுக்கே குடுத்துட்டாரு, பாவம் என்றார்.

மருந்துக்கடை அம்மாள் ஒருமுறை பதினோரு நாள் காணாமல் போனதுதான் அக்காவுக்கு எல்லாவற்றிலும் பிடித்த கதை. ஊரே தேடியது. ஒரு ஓட்டலில் வேறு பெயரில் இருந்தார். ஏன் என்று கடைசிவரை யாருக்கும் விளக்கமாகச் சொல்லவில்லை. ஆயிரம் முடிச்சை அவிழ்த்தவள் தன் முடிச்சை மட்டும் அப்படியே வைத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தாள் என்று அக்கா சொல்லும்போது குரலில் ஒரு பெருமை இருக்கும், சொந்தக்காரி ஒருத்தி சாமர்த்தியம் செய்ததுபோல.

இந்த 'எய்துனது யாரு' புத்தகத்தோடு நிற்கவில்லை. கேட்டுக்கு வரும் காகிதங்களிலும் அவர் முதலில் பார்ப்பது எண்ணை அல்ல, கையெழுத்தை. ஒருநாள் எடைச் சீட்டு ஒன்றில் ஏழு என்ற எண்ணின் இடுப்பில் குறுக்கே கோடு இருந்தது. எடை மேடைக்காரர் ஏழுக்குக் கோடு போடுகிறவர் அல்ல என்று சொல்லி, டிரெய்லரை நிறுத்திவிட்டார். பின்னால் பதினைந்து வண்டிகள். டிரைவர்கள் ஹாரனை அழுத்திக்கொண்டு, தெரிந்த மொழியில் எல்லாம் திட்டினார்கள். முக்கால் மணி நேரம் கழித்து எடை மேடைக்காரரே நடந்து வந்தார். வலது கட்டை விரலில் கட்டு. மீன் வெட்டும்போது அறுத்துக்கொண்டதால், அன்றைக்கு அவருடைய மச்சான் உட்கார்ந்து எழுதியிருக்கிறார். எடை சரியாகவே இருந்தது.

அக்கா எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டார். எல்லா வண்டியும் உள்ளே போன பிறகு என்னிடம் சிரித்தபடி சொன்னதை நான் மறக்கவில்லை.

"பைப்காரன் தப்பு பண்ணா திருத்தி எய்த டாக்டர் கீறாரு. எனக்கு யாரு கீறா?"

தாஸ் அண்ணன் விஷயம் அதற்கு இரண்டு மாதம் கழித்து நடந்தது.

தாஸ் அண்ணன் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். வியாசர்பாடிக் குடியிருப்பில் வீடு, இரண்டு பெண் பிள்ளைகள். ஒரு நாள் பிற்பகல், ஷெட்டுக்குப் பின்னால் நின்ற கண்டெய்னரின் சீல் உடைந்து கிடந்தது. உள்ளே சில பெட்டிகள் இல்லை. அந்தப் பக்கம் வரக்கூடாத ஒரு டிரெய்லர் அன்று வந்துபோனதைச் சிலர் பார்த்திருந்தார்கள். டிரைவரை அதற்குப் பிறகு காணவில்லை. விசாரிக்கத் தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர், நிதானமான மனிதர். பார்த்தவர்கள் எல்லோரிடமும் வாக்குமூலம் எழுதி வாங்கும்படி எழுத்தர்கள் எங்கள் நாலு பேரிடமும் சொன்னார். சொன்னதைச் சொன்னபடி எழுத வேண்டும், ஆனால் பிழையில்லாமல் இருக்க வேண்டும் என்றார்.

பிழையில்லாமல் எழுதுவது எனக்குப் பெருமையான விஷயம். கல்லூரியில் முதல் வருஷம் நான் 'இன்னா' என்றதற்கு ஒரு வகுப்பே சிரித்தது. அன்றிலிருந்து என் வாயைத் தினமும் கழுவிக் கழுவி வைத்திருந்தேன். ஒற்று எங்கே மிகும், எங்கே மிகாது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். தாஸ் அண்ணன் சொல்லச் சொல்ல, கீது என்பதை இருக்கிறது என்றும், வந்துகினு என்பதை வந்துகொண்டு என்றும் மாற்றி எழுதிக்கொடுத்தேன். அவர் எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். தாளை ஒரு முறை பார்த்துவிட்டு, தம்பி எய்துனா கரீட்டா தான் இருக்கும் என்று கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் அவருடைய கேட் பாஸைப் பிடுங்கிக்கொண்டார்கள். டிரைவரைத் தான்தான் வரச் சொன்னதாக அவரே எழுதிக் கொடுத்திருக்கிறார் என்றார் அதிகாரி. கூட்டாளிகள் யார் என்று சனிக்கிழமைக்குள் சொல்லாவிட்டால் போலீஸுக்குப் போவோம் என்றும் சொன்னார். திருட்டுக்காக ஒரு யார்டில் பாஸ் போனால், அந்த நெடுஞ்சாலையில் வேறெந்த யார்டும் அவரை உள்ளே விடாது. தாஸ் அண்ணன் கேட்டுக்கு வெளியே, டீக்கடை பெஞ்சில் இரண்டு நாள் உட்கார்ந்திருந்தார். நான் அப்படிச் சொல்லவே இல்லை என்று போகிறவர் வருகிறவரிடம் எல்லாம் சொன்னார்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். நானும் அவரைச் சந்தேகித்தேன். அவர் சொன்னதைத்தானே எழுதினேன், எழுத்தில் இருக்கிறதே என்று நினைத்தேன்.

வியாழக்கிழமை மதியம் அக்கா என்னைக் கேபினுக்குக் கூப்பிட்டார். வாக்குமூலத்தின் போட்டோ என் போனில் இருக்கிறதா என்று கேட்டு வாங்கினார். படித்தார். மறுபடியும் படித்தார்.

"எய்துனது யாரு?"

"தாஸ் அண்ணன் சொன்னாரு, நான் எழுதினேன்."

"தாஸ் அண்ணன் வாயில ஓட்டுநர் வருமா? தேநீர் வருமா? இதுல அவரு கையெய்த்து மட்டும் தான் கீது. கதயில வர்ற ஆளு அவரு. எய்துனவன் நீ. படி, அந்த வரிய."

படித்தேன். "நான் தேநீர் அருந்திவிட்டு வரச் சொல்லத்தான் அந்த ஓட்டுநர் கொட்டகைக்குப் பின்புறம் வண்டியைக் கொண்டுவந்தார்."

"அவரு சொன்ன மாரி சொல்லு. கயுவாத வாயால சொல்லு."

எனக்குக் கூச்சமாக இருந்தது. ஆனாலும் சொன்னேன். "நான் டீ குடிச்சிட்டு வரசொல்ல தான் அந்த டிரைவர் ஷெட்டு பின்னாடி வண்டிய கொணாந்தான்."

சொல்லி முடிப்பதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது.

வரசொல்ல என்றால் வரும்போது. இருக்கசொல்ல என்றால் இருக்கும்போது. தொட்டிலில் கிடந்த நாளிலிருந்து காதில் விழும் சொல். அது எங்கள் பேச்சு என்பதே எனக்குப் படவில்லை. கீது, வந்துகினு எல்லாம் கொச்சை என்று யார் யாரோ சிரித்துக் காட்டியிருந்தார்கள். இதைப் பார்த்து யாரும் சிரித்ததில்லை. வர, சொல்ல, இரண்டுமே நல்ல தமிழாகத் தெரிந்தன. நடுவில் ஓர் ஒற்று மட்டும் விட்டுப்போயிருப்பதாக நினைத்து ஒரு 'ச்' போட்டுக்கொடுத்தேன். டீ குடித்துவிட்டு வரும்போது ஒரு வண்டியைப் பார்த்த மனிதர், டீ குடித்துவிட்டு வா என்று நேரம் குறித்துத் திருடனை வரவழைத்தவர் ஆகிவிட்டார்.

அக்கா போனைத் திருப்பிக் கொடுத்தார். எல்லா வார்த்தைக்கும் சட்டை பேண்ட் மாட்டியிருக்கிறாய், இது ஒன்றுக்கு மட்டும் ஒரு பட்டன் போட்டு விட்டிருக்கிறாய், அதனால்தான் கண்ணில் பட்டது என்றார்.

போய்ச் சொல் என்று அவர் சொல்லவில்லை. என் ஒப்பந்தம் முடிய மூன்று மாதம் இருப்பதும், அதன்பின் நிரந்தரமாகும் என்று வீட்டில் எல்லோரும் காத்திருப்பதும் அவருக்குத் தெரியும். டிராயரைத் திறந்து 'டாக்டர்' புத்தகங்களில் ஒன்றைச் சும்மா புரட்டினார். பிறகு அந்த டாக்டரைப் பற்றி, நான் முன்பு எப்போதோ போனிலிருந்து படித்துச் சொன்ன ஒன்றை எனக்கே திருப்பிச் சொன்னார். இரவில் வயல்வெளியில் ஆடு மாடுகளைக் கிழித்ததாக ஒரு வக்கீலை நிஜமாகவே ஜெயிலில் போட்டுவிட்டார்கள். அவர் வெளியே வந்த பிறகு டாக்டர் அவரைப் பார்க்க ஓர் ஓட்டலுக்குப் போனார். அந்த ஆள் பேப்பரைக் கண்ணுக்குக் கிட்டே வைத்து, பக்கவாட்டில் பிடித்துப் படித்துக்கொண்டிருந்தார். இந்தக் கண்ணை வைத்துக்கொண்டு இருட்டில் வயலில் நடக்கவே முடியாது என்று டாக்டருக்குப் புரிந்துவிட்டது. அந்த ஆளுக்காகப் பேப்பரில் எழுத ஆரம்பித்தார்.

"தேவதய நம்புனவரு தான். ஆனா அன்னிக்கி பைப்காரன அனுப்பாம அவரே போனாரு" என்றார் அக்கா. அதற்குள் ஒரு டிரெய்லர் வந்து நின்றது. கொண்டையிலிருந்து பேனாவை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

வெள்ளிக்கிழமை காலை அதிகாரியின் அறைக்குப் போனேன். அக்காவும் வந்தார், தாஸ் அண்ணனையும் உள்ளே அழைத்துக்கொண்டு. ஒரு சொல் தவறாகப் பொருள் கொள்ளப்பட்டிருக்கிறது, வரசொல்ல என்றால் வரும்போது என்று நான் ஆரம்பித்தேன். எழுதியது நான் என்று சொல்ல வாய் வரவில்லை. சொல்ல என்றால் எப்படிப்பா 'போது' ஆகும், இவரைக் காப்பாற்ற இப்போது அர்த்தத்தை மாற்றுகிறீர்களா என்று அதிகாரி கேட்டார். அதில் அநியாயம் ஒன்றுமில்லை. நானாக இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன்.

அக்கா தாஸ் அண்ணன் பக்கம் திரும்பினார்.

"அண்ணே, அன்னிக்கி மய பேஞ்சிச்சே. எப்போ?"

தாஸ் அண்ணனுக்கு எதுவும் புரியவில்லை. இரண்டு நாளாகத் திருடன் என்று கேட்டு நொந்துபோயிருந்தவரிடம் மழையைப் பற்றிக் கேட்டால் என்ன செய்வார். இருந்தாலும் யோசித்துச் சொன்னார்.

"நான் டீ குடிச்சிட்டு வரசொல்ல தான் மய வந்துச்சி."

அதிகாரி லேசாகச் சிரித்தார். "ஏப்பா, மழையையும் நீதான் வரச் சொன்னியாக்கும்?"

சிரித்துக்கொண்டே வாக்குமூலத் தாளைப் பார்த்தார். சிரிப்பு நின்றது. இன்னொரு முறை தாளைப் பார்த்தார், பிறகு தாஸ் அண்ணனை. 

"வர்றப்ப" என்றார் மெதுவாக, தனக்குத்தானே.

"அதே தான் சார். உங்க ஊர்ல வர்றப்ப. எங்க ஊர்ல வரசொல்ல" என்றார் அக்கா.

அதிகாரி தாளைத் திருப்பி, பின்பக்கம் வெறுமையாக இருப்பதையும் பார்த்தார். கீழே தாஸ் அண்ணனின் கையெழுத்து மட்டுமே இருந்தது.

"இதை எழுதியது யாருங்க?"

அக்கா தினமும் கேட்கிற கேள்வி. அதை இன்னொருவர் வாயிலிருந்து, சுத்தமான தமிழில், அன்றுதான் கேட்டேன். அக்கா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பதில் தெரியும். அதை எனக்காக விட்டு வைத்திருந்தார்.

"நான் சார். அவரு சொன்னது சரி. நான்தான் ஒரு எழுத்து சேத்துட்டேன்."

சேர்த்துவிட்டேன் என்றுதான் சொல்ல வந்தேன். வாய் தானாக வீட்டுக்குப் போய்விட்டது.

வாக்குமூலத்தை மறுபடி எழுதினோம். அக்கா சொன்னதன்பேரில், கீழே இரண்டு வரி சேர்த்தேன்: சொன்னவர், எழுதியவர். இரண்டாவதில் நான் கையெழுத்துப் போட்டேன். திங்கட்கிழமை தாஸ் அண்ணனுக்குப் பாஸ் திரும்பக் கிடைத்தது. அவர் என்னிடம் கோபித்துக்கொள்ளவில்லை. ஆனால் அதற்குப் பிறகு நான் எதை நீட்டினாலும், "இருப்பா டிகிரி" என்று கண்ணாடி போட்டுக்கொண்டு, கால் மணி நேரமானாலும் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார். அந்தக் கால் மணி நேரமும் நான் நின்றுகொண்டே இருப்பேன்.

மூன்று மாதம் கழித்து என் ஒப்பந்தம் நீட்டிக்கப்படவில்லை. இதுதான் காரணம் என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அந்த டிரைவர் பிடிபட்டானா, பெட்டிகள் கிடைத்தனவா என்பதும் தெரியாது. அக்காவிடம் கேட்டால் அவருக்கும் தெரிந்திருக்காது. யார் செய்தது என்பதில் அவருக்கு ஒருபோதும் ஆர்வம் இருந்ததில்லை.

இது நடந்து ஏழெட்டு வருஷம் ஆகிறது. இப்போது நான் எழுதித்தான் பிழைக்கிறேன். போன மாதம் அவர் நம்பரைத் தேடிப் பிடித்து, உங்களைப் பற்றி ஒன்று எழுதப் போகிறேன் அக்கா என்றேன். இப்போது வேறொரு கேட்டில் இருக்கிறாராம். பின்னால் ஹாரன் சத்தம் கேட்டது. என்ன எழுதப் போகிறேன் என்று கேட்டுவிட்டு, தன் பெயரைப் போடக்கூடாது என்றார். சொன்னது அவர், எழுதுவது நான். தப்பாக வந்தால் கெடுவது என் பெயராகத்தான் இருக்க வேண்டும் என்பது அவர் நியாயம். அதனால்தான் இதில் அவர் பெயர் இல்லை.

போனை வைப்பதற்கு முன்னால் இன்னொன்றும் சொன்னார்.

"எய்தசொல்ல பாத்து எய்து, நைனா."

இதை மெய்ப்புப் பார்ப்பவருக்கு ஒரு வேண்டுகோள். அந்த வரியில் ஒற்று விட்டுப்போகவில்லை.